உரைகல்லும் தராசும்
(மொழி கற்பித்தலும் மொழித் தேர்வும் நடந்து வந்த வழி)

தங்கவயலில் வாழும் நமக்கு உரைகல்லின் இயல்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பொன்னின் மாற்றை உரைகல் காட்டும், எடையைக் காட்டாது. எடையறியத் தராசு வேண்டும். தராசோ எடையைக் காட்டும், மாற்றைக் காட்டாது. ஒன்றன் வேலையை மற்றொன்றினிடம் எதிர்பார்ப்பவன் ஏமாந்து போவான். மக்களின் மொழியறிவை அளப்பதற்கு நாம் கையாளும் கருவியாகிய தேர்வுக்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்தும்.

இதனை ஈண்டு எடுத்துரைக்க ஒரு காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் சுரங்க வேலைக்கு இங்கு வந்தனர். வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடமும் தெலுங்கும், சுரங்கத்தில் ஆங்கிலச் சொற்கள் என்று பல மொழிகளுக்கு நடுவே அவர்கள் வாழ்ந்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம்மவருள் பலர் நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயில்கின்றனர். தமிழைச் சிலர் பாடமாகவும், பலர் வீட்டுப் பேச்சாக மட்டுமே பெறுகின்றனர். இந்நிலையில், "இப்பிள்ளைக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும்?" என்ற வினா ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகின்றது. மதிப்பெண் பட்டியல் அதற்கு விடை கூறுவதாக நாம் நம்புகின்றோம். அவ்விடை எத்துணை உண்மையானது? வரலாற்றைப் பார்ப்போம். அவ்வரலாற்றின் சிறந்த பகுதியொன்று நமக்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி.

குவலாலபுரத்து மன்னனும் நன்னூலும்

தமிழைக் கற்பிக்கும் முறை பற்றி விரிவாகப் பேசும் பழைய நூல் நன்னூல். அதனை இயற்றியவர் சமண முனிவராகிய பவணந்தி. இயற்றுவித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்கச் சோழன் காலத்தவனாகிய இவன் கங்கர் குலத்தில் தோன்றியவன். கல்வெட்டுகள் அவனைக் குவலாலபுரத்துக்கு இறைவன் என்று சிறப்பிக்கின்றன. குவலாலம் என்பது கோலாரின் பழம்பெயர். தமிழிலக்கணத்தை உலகுக்கு எளிதாக்கித் தந்த நூலைச் செய்வித்தவன் நம் கோலாரின் பெயரைத் தன் விருதாகத் தாங்கியவன் என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ!

அந்நூலின் பாயிரம் நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணவன் இயல்பு, கற்கும் முறை என ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. அதில் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக் கொண்டாலும் மாணவனுக்குப் புலமையில் கால் பங்கே கிடைக்கும். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். இதுவே பவணந்தியாரின் கருத்து. அறிவின் முக்கால் பங்கு பயன்படுத்துவதால் வருவது என்று ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்தனர் என்க.

எழும்பூரில் நடந்த சோதனை

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே மற்றச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்தார். முயற்சி வெற்றி பெற்றது. இங்கிலாந்து திரும்பிய பின் 1797-இல் அவர் இதனை ஒரு கல்விச் சோதனை என்றே பெயரிட்டு நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயருடன் பல நாடுகளுக்கும் பரவியது.

பெல் செய்ததில் பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. ஒரு முறையைச் செய்து பார்த்து, கண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆயினும் ஒரு குறையும் அதிற் காணப்படும். புதிய முறையில் பயின்ற பிள்ளைகளையும் பழைய முறையில் பயின்ற பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் தோன்றவில்லை.

தேர்வு ஆளத் தொடங்கிய காலம்

1812-இல் எல்லிசு துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி சென்னையில் நிறுவப்பட்டது. ஆங்கிலேய இளம் அதிகாரிகள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்வு கொடுக்க வேண்டும் என்பது அங்கு விதி. தேறியவர்க்கு ஊதிய உயர்வும் பரிசும் உண்டு. குடிகளின் விண்ணப்பத்தையும் வழக்கையும் அதிகாரி அறிந்து கொள்ள வேண்டும் என்பதே அத்தேர்வின் நோக்கம். மொழியை எதற்காகக் கற்கிறோம் என்பது அங்குத் தெளிவாக இருந்தது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் நிலைமை மாறியது. மெட்ரிகுலேஷன் தேர்வு அரசாங்க உத்தியோகத்தின் வாயிலாயிற்று. பாடத்திற்காகத் தேர்வு என்பது போய், தேர்விற்காகப் பாடம் என்றாயிற்று. உரைக்குறிப்புகளை நெட்டுருச் செய்வதே கல்வி என்னும் வழக்கம் வேரூன்றியது. தமிழ்க் கல்வி தாழ்ந்து வருவதைக் கண்ட பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, அச்சங்கமும் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகளை வகுத்தது. தமிழ் கற்றோர்க்கு அத்தேர்வுகளால் மதிப்பும் ஆசிரியப் பணியும் கிடைத்தன. ஆதலின் தேர்வே தீது என்று நாம் கூறவில்லை. எதை அளக்க வேண்டும் என்று தெளியாமல் அளப்பதே தீது.

வாக்கிய அமைப்பு முறை

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்குப் புதிய வழிகளைப் பால்மர், ஹார்ன்பி முதலிய அறிஞர் வகுத்தனர். எளிய வாக்கிய அமைப்புகளை முதலிலும், கடியவற்றைப் பின்னும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகப் பலமுறை பயிற்றுவிப்பது அவ்வழி. 1950-களில் இம்முறை சென்னை மாநிலப் பள்ளிகளில் பரவியது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகமும், 1963-இல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார ஆங்கிலக் கழகமும் தோன்றி ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தன.

பழைய நெட்டுருவை நோக்க இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் ஆண்டுகள் சென்றபின் ஆசிரியரிடையே ஒரு மனக்குறை எழுந்தது. வகுப்பில் பயிற்றிய வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லும் மாணவன், வகுப்பிற்கு வெளியே தன் தேவைக்கு ஒரு வாக்கியம் அமைக்கத் தடுமாறினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி மெய்யாயிற்று.

1979: பெங்களூரில் எழுந்த கேள்வி

இக்குறையை ஆராயப் புறப்பட்டவர் என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த அவர், பெங்களூர் வட்டார ஆங்கிலக் கழகத்தின் துணையோடு 1979-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அது 1984 வரை நடந்தது. பெங்களூர், சென்னை, கடலூர், தலைச்சேரி ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், ஐந்தாண்டுகளில் 8 வகுப்புகளில், 18 ஆசிரியர்கள் இம்முறையில் பாடம் நடத்தினர். மொழிக் கல்வி உலகம் இதனைப் 'பெங்களூர்த் திட்டம்' என்று அழைக்கின்றது.

அவருடைய கருத்து இதுதான். இலக்கணத்தைக் குறிவைத்துக் கற்பிப்பதால் இலக்கணம் வருவதில்லை. பொருளில் மனம் ஊன்றி, ஒரு வேலையை முடிக்க மொழியைக் கையாளும்போது இலக்கணம் தானே உள்ளே சென்று படிகின்றது. எனவே இலக்கணப் பாடத்திட்டத்தை அவர் முற்றும் நீக்கினார். அதன் இடத்தில் செயல்களை வைத்தார். ஊர் வரைபடத்தைப் பார்த்து வழி கூறல், நாட்காட்டியைக் கொண்டு கணக்கிடல், ரயில் கால அட்டவணையைப் படித்து முடிவு செய்தல் போன்றவை அச்செயல்கள்.

ரயில் அட்டவணை என்றதும் நம் மனம் மகிழ்கின்றது. அட்டவணையே நம் அன்றாடத் தொழிற்கருவி. மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பங்காருப்பேட்டையில் மாறி, நண்பகலுக்குள் ஜோலார்ப்பேட்டை சேர வேண்டியவர் எந்த வண்டியில் புறப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். விடை அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் அச்சாகி இருக்காது. இரண்டு நேரங்களை ஒப்பிட்டு, இடைவேளையைக் கணக்கிட்டு, நாமே காண வேண்டும். இவ்வாறு கொடுத்த செய்தியிலிருந்து கொடாத செய்தியை உய்த்துணரும் செயல்களே வகுப்புக்கு மிகவும் ஏற்றவை என்று பிரபு கண்டார். மாணவன் விடை காண முயலும்போது, ஆங்கிலத்தைக் கற்கிறோம் என்ற நினைவே அவனுக்கு இல்லாமல் ஆங்கிலம் அவனிடம் புழங்குகின்றது.

ஒவ்வொரு பாடமும் இரு பகுதியாக அமைந்தது. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் வினா விடையாக ஒரு செயலைச் செய்து காட்டுவார். பின்னர் அதைப் போன்ற மற்றொரு செயலை ஒவ்வொரு மாணவனும் தனியே செய்து முடிப்பான். உடனே விடைகள் திருத்தப்படும். இங்கேதான் தேர்வைப் பற்றிய ஒரு புதிய எண்ணத்தைக் காண்கின்றோம். வகுப்பில் குறைந்தது பாதிப்பேர், கொடுத்த செயலில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்திருக்க வேண்டும். அப்படியாயின் அச்செயல் அவ்வகுப்புக்கு ஏற்றது. இல்லையேல் அது கடினமானது, மாற்றிக் கொள்ள வேண்டும். அதாவது அந்த மதிப்பெண் மாணவனுக்கு இட்டதன்று, பாடத்துக்கு இட்டது!

தராசு நடுநிற்றல்

முயற்சி முடியும் தறுவாயில் ஒரு வினா எழுந்தது. இம்முறை நன்று என்பதற்குச் சான்று என்ன? அதனை அளந்து பார்க்க எடின்பரோவிலிருந்து ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்னும் இருவர் முன்வந்தனர். 1984-இல் 4 பள்ளிகளில், பிரபுவின் முறையில் பயின்ற வகுப்பையும் வழக்கமான முறையில் பயின்ற வகுப்பையும் ஒப்பிட்டனர். 1985-இல் முடிவை வெளியிட்டனர்.

இவ்விடத்தில் அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இலக்கண வினாத்தாள் கொடுத்தால் வழக்கமான வகுப்பு வெல்லும். செயல்முறை வினாத்தாள் கொடுத்தால் புதிய வகுப்பு வெல்லும். எந்தத் தாளைத் தேர்ந்தாலும் தீர்ப்பை முன்னதாகவே எழுதிவிட்டதாகும். பார்சல் அலுவலகத்தில் மூட்டையை ஏற்றுமுன் தராசின் முள் நடுவில் நிற்கின்றதா என்று பார்ப்பது வழக்கம். ஒருபுறம் சாய்ந்த தராசில் நிறுத்தால் எந்த மூட்டைக்கும் உண்மையான எடை வராது.

இத்தகைய சிக்கல் அயல்நாடுகளிலும் முன்பே எழுந்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஷெரர், வெர்தைமர் என்னும் இருவர் ஜெர்மன் மொழி கற்பிக்கும் இரு முறைகளை ஈராண்டுகள் ஒப்பிட்டு 1964-இல் நூல் வெளியிட்டனர். வாய்மொழிப் பயிற்சி பெற்றவர் பேச்சில் சிறந்தனர். பழைய முறையில் பயின்றவர் எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் சிறந்தனர். எதைப் பயிற்றினரோ அதுவே விளைந்தது. நெல் விதைத்தவன் நெல்லும் கேழ்வரகு விதைத்தவன் கேழ்வரகும் அறுத்தனர்.

ஆதலின் பெரெட்டாவும் டேவிசும் ஐந்து தேர்வுகளை அமைத்தனர். ஒன்று வழக்கமான வகுப்புக்கு ஏற்ற இலக்கண அமைப்புத் தேர்வு. ஒன்று புதிய வகுப்புக்கு ஏற்ற செயல் தேர்வு. எஞ்சிய மூன்றும் இருசாரார்க்கும் பொதுவானவை: தொடர்ந்த செய்தியின் நடுவே இலக்கணத்தைச் சோதித்தல், சொல்வதெழுதுதல், கேட்டும் படித்தும் பொருளுணர்தல். முடிவு யாது? தத்தமக்குரிய தேர்வில் அவரவரே முந்தினர். பொதுத் தேர்வுகளில் பெரும்பாலும் புதிய முறை வகுப்புகள் முந்தின. எனினும் எல்லாப் பள்ளியிலும் ஒரே சீராக முந்தவில்லை. இலக்கணம் கற்பிக்கப்படாத பிள்ளைகள், செய்தியின் நடுவே வைத்துச் சோதித்தபோது இலக்கணத்தில் பின்தங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அளந்தவர்கள் முரசறையவில்லை. இருசார் வகுப்புகளும் தொடக்கத்தில் சமநிலையில் இருந்தனவா என்பது அளக்கப்படவில்லை. மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படவில்லை. இருந்த வகுப்புகளே எடுத்துக் கொள்ளப்பட்டன. வென்றது முறையா, அதில் ஊக்கம் மிகுந்திருந்த ஆசிரியரா என்று பிரித்தறிவது எளிதன்று. இவற்றை அவர்கள் கருதி, சான்று ஓரளவே துணை நிற்கின்றது என்று அடக்கமாகக் கூறினர். மற்ற அறிஞரும் இக்குறைகளை எடுத்துக்காட்டினர்.

பிரபு தம் அனுபவத்தை 1987-இல் நூலாக எழுதினார். செயல் வழியாக மொழி கற்பிக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் பேசப்படுகின்றது. அதன் தொடக்ககால முன்னோடிகளுள் ஒன்றாகப் பெங்களூர்த் திட்டம் மதிக்கப்படுகின்றது. ஆயினும் 1990-இல் பெரெட்டா மீண்டும் ஆராய்ந்து, பள்ளியின் வழக்கமான ஆசிரியர்க்கு இம்முறை எளிதில் கைவரவில்லை என்று எழுதினார். அதே ஆண்டில் பிரபுவும் ஒரு கட்டுரை எழுதினார். எல்லார்க்கும் எவ்விடத்துக்கும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றும், தாம் செய்வது எவ்வாறு பயன் தருகின்றது என்று ஆசிரியர் உயிர்ப்போடு உணர்ந்திருப்பதே முதன்மையானது என்றும் அதிற் கூறினார். தாம் கண்ட முறையையே முடிந்த முடிபாகக் கொள்ளாத அப்பண்பு அறிஞர்க்கு அழகு.

நம் பிள்ளைகளும் நம் அளவுகோலும்

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நம் காலனியில் இருவகைப் பிள்ளைகளை நாம் காண்கின்றோம். ஒரு பிள்ளை பாட்டியோடு நாளெல்லாம் தமிழில் உரையாடும்; கதை கேட்கும்; கடைக்குச் சென்று கணக்காகப் பொருள் வாங்கி வரும். ஆனால் எழுதத் தெரியாது. அதனைத் "தமிழ் தெரியாத பிள்ளை" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகின்றோம். மற்றொரு பிள்ளை பொங்கலைப் பற்றிய கட்டுரையை மனப்பாடமாக எழுதிப் பரிசு பெறும். ஆனால் ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லென்றால் விழிக்கும். அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று மகிழ்கின்றோம். இரண்டு தீர்ப்பும் பிழை. முதற்பிள்ளைக்கு எழுத்து ஒன்றே குறை. அது சில மாதங்களில் தீரக்கூடியது. "தெரியாது" என்று பலமுறை கேட்ட பிள்ளை பேசுவதையும் விட்டுவிட்டால், அவ்விழப்பை ஈடு செய்ய இயலாது.

ஆகவே தமிழ் வகுப்பு நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள் கூற விழைகின்றோம். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்றன் குறையை நான்கின் மீதும் ஏற்றாதீர்கள். வினாத்தாளில் வாழ்க்கையைக் கொண்டு வாருங்கள். திருமண அழைப்பிதழைக் கொடுத்து, முகூர்த்தத்துக்கு எந்த வண்டியில் புறப்பட வேண்டும் என்று கேளுங்கள். தாத்தா சுரங்கத்தில் செய்த வேலையைக் கேட்டறிந்து வந்து ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள். பவணந்தியார் கூறிய அரைப் பங்கு அதனால் வரும். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தவறினால், பிள்ளைகளைக் கடிந்து கொள்ளுமுன் பாடத்தைத் திருத்துங்கள்.

இவ்வுண்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் நாட்டின் மொழியாகிய கன்னடத்துக்கும் பொருந்தும். கன்னடத் தேர்வில் மதிப்பெண் பெற்றுவிட்டு, பக்கத்து வீட்டாரோடு கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தயங்கும் பிள்ளை அம்மொழியைக் கற்றதாகாது. ஒரு மொழியைச் செம்மையாகப் புழங்கும் பழக்கம் மற்றொரு மொழிக்குப் பகையன்று, துணையே.

சுரங்கத்தின் பொன் தீர்ந்த பின்னும் நம்மிடம் எஞ்சியிருக்கும் பொன் நம் மக்களின் நாவிலும் செவியிலும் இருக்கின்றது. அதனைத் தவறான கருவியால் அளந்து பித்தளை என்று எறிந்துவிடாதிருப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!